எடுத்தலும் படுதலும்

இரண்டு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: 'தந்தையை இழந்த வேதனை இக்கவிதையில் உருவெடுத்திருக்கிறது.' பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினேன். மதிப்புரை வெளிவந்த வாரம் சந்தித்தபோது நண்பர் கேட்டார்: "வேதனைதான் முதல்லயே முழுசா இருந்துதே. அப்புறம் கவிதை எதுக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு எழுதிய எதையும் அவர் எனக்கு அனுப்பவில்லை. இது அந்தக் கேள்விக்குத் தாமதமான பதில்.

உருவெடுத்தல் என்ற சொல் இல்லாமல் நம்மால் ஒரு பக்கம்கூட விமர்சனம் எழுத முடிவதில்லை. முன்னுரைகளில் நகரத்தின் தனிமை உருவெடுக்கிறது. வெளியீட்டு விழாக்களில் ஒடுக்கப்பட்டவர்களின் கோபம் உருவெடுக்கிறது. நம் போன்ற பத்திரிகைகளில் இருத்தலின் அபத்தம் உருவெடுக்கிறது. கைமாறிக் கைமாறி எண் அழிந்துபோன நோட்டைப் போல இந்தச் சொல்லை வாங்குகிறோம், கொடுக்கிறோம். யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை.

இந்தச் சொல்லில் வேலை செய்வது எடு என்ற வினை. பிறவி எடுத்தல், அவதாரம் எடுத்தல், விசுவரூபம் எடுத்தல் என்கிறோம். (பசி எடுக்கிறது, வலி எடுக்கிறது என்பவை வேறு ஜாதி, அங்கே பசியும் வலியுமே எழுவாய்.) உருவெடுத்தலில் உரு செயப்படுபொருள். அதை எடுப்பவர் ஒருவர் முன்பே இருக்கவேண்டும். அவதாரம் என்ற வடசொல்லுக்கு இறங்கிவருதல் என்பது பொருள். இறங்கி வருகிறவர் மேலே குறைவில்லாமல் இருந்தவர். மீனோ ஆமையோ ஆவதால் விஷ்ணுவிடம் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. உரு அவருக்கு ஒரு காரியத்துக்காகத் தரித்துப் பிறகு களைவது. சைவ சித்தாந்திகள் சிவனுக்குப் பிறப்பில்லை என்று அவதாரக் கொள்கையை ஏற்காமல் போனதையும், அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாகப் பிரித்து லிங்கத்தை மூன்றாவதில் வைத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எடுத்தல் என்ற வினை எல்லோருக்கும் போதுமானதாக இருக்கவில்லை. பைபிளைத் தமிழாக்கிய புராட்டஸ்டண்டுகளுக்கும் இதே சங்கடம் இருந்திருக்கவேண்டும். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வார்த்தை மனித உடம்பு கொள்வதைச் சொல்லும் இடத்தில் அவர்கள் மாம்சம் என்ற பச்சையான சொல்லைப் போட்டு, எடு என்பதை விட்டு, ஆகு என்ற வினையைத் தேர்ந்தார்கள். எடுத்ததைத் திருப்பி வைத்துவிடலாம். ஆனதை அப்படிச் செய்ய முடியாது.

சித்தாந்திகளுக்கும் பாதிரிமாருக்கும் இருந்த இந்த ஜாக்கிரதை விமர்சகனுக்கு இல்லை. வேதனை உருவெடுத்தது என்று நான் எழுதியபோது வேதனையை விஷ்ணுவின் ஸ்தானத்தில் வைத்துவிட்டேன். அது மேலே எங்கோ பூரணமாக இருந்தது, போகிற வழியில் நண்பரின் கவிதையை எடுத்து மாட்டிக்கொண்டது. நண்பருக்கு உறைத்தது இதுதான்.

தமிழில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் கிடக்கிறது. இலக்கியத்தில் யாரும் அதைச் சீந்துவதில்லை, வீட்டில் வசவாகப் பயன்படுகிறது: உருப்படுதல். 'உருப்படாத பயல்' என்று தாத்தா திட்டும்போது, முழுமையாக இருக்கும் ஒருவன் ஓர் உருவத்தை எடுக்கத் தவறிவிட்டான் என்று அவர் சொல்லவில்லை. அவன் இன்னும் ஒருவனாகவே ஆகவில்லை என்கிறார். புலப்படு, தென்படு, வசப்படு என்பவற்றில் வரும் அதே படு. நடப்பதைச் சொல்லும் வினை இது. நடப்பதற்கு முன்னால் திரைக்குப் பின்னே ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லாது. உருப்படி என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். சலவைக் கணக்கில் அது ஒரு வேட்டி, ஒரு சட்டை. நாட்டியக் கச்சேரியில் ஒரு வர்ணம், ஒரு பதம். எண்ணத்தக்க, தனித்த, மற்றொன்றோடு குழப்ப முடியாத ஒன்று. ஒரு கவிதையைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

உரு என்ற சொல்லுக்கே பழைய இலக்கணத்தில் நாம் இன்று கொள்ளும் அச்சு, வார்ப்பு என்ற அர்த்தம் மட்டும் இல்லை. தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுக்கிறது. உரையாசிரியர்கள் மெய்க்கு வடிவு என்றும் உருவுக்கு நிறம் என்றும் பொருள் சொன்னார்கள். துடியிடை மெய்யுவமம், பவளவாய் உருவுவமம். பவளத்திலிருந்து சிவப்பைத் தனியே எடுத்து வைக்க முடியாது. உரு என்றால் அப்படி ஒட்டியிருப்பது. அது எப்போது உள்ளே வேறெதையோ வைத்திருக்கும் கூடாயிற்று?

நம் காலத்தில் அதைக் கூடாக்கியதில் உருவம் – உள்ளடக்கம் என்ற சண்டைக்குப் பெரிய பங்குண்டு. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்த 'எழுத்து', உருவம் என்ற சொல்லை விமர்சனத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் ரசனை, நயம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று செல்லப்பா கேட்டது சாதாரண காரியமல்ல. எதிர்வரிசையில் முற்போக்கு விமர்சகர்கள், இங்கே நா. வானமாமலையும் இலங்கையில் கைலாசபதியும் சிவத்தம்பியும், சமூக வாழ்விலிருந்து வரும் உள்ளடக்கத்துக்கு முதலிடம் கேட்டார்கள். அவர்கள் எழுதியவை இந்த ஒற்றை வரியில் அடங்கா. ஆனால் அவர்களைப் பின்பற்றி எழுதிய நம்மிடம் வந்து சேர்ந்தது இந்த ஒற்றை வரிதான். 1970இல் 'கசடதபற'வும் 1971இல் 'வானம்பாடி'யும் வந்தபிறகு சண்டை கவிஞர்களுக்குள்ளும் புகுந்தது. உன் பாத்திரம் காலி என்றது ஒரு தரப்பு. உன் பாத்திரம் ஓட்டை என்றது மறு தரப்பு. கவிதை ஒரு பாத்திரம் என்பதில் மட்டும் யாருக்கும் அபிப்பிராய பேதமில்லை.

உள்ளடக்கம் என்ற சொல்லே வழக்கை முடித்துவிட்டு வருகிறது. உள்ளே அடங்கியது என்றால் அடக்குகிற ஒன்று வெளியே வேண்டும். இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டவன் அதன்பின் எத்தனை நுட்பமாக வாதாடினாலும் பானைக்கும் நீருக்கும் நடுவேதான் நிற்கிறான். இதில் தமிழனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கவிதையை உரைநடையில் சுருக்கிச் சொல்வதைப் பாஷாண்ட மதத்துக்கு ஒப்பான குற்றம் என்று கடிந்த அமெரிக்க விமர்சகர் கிளியந்த் ப்ரூக்ஸ், 1947இல் வெளியிட்ட தம் புத்தகத்துக்கு வைத்த பெயர் 'தி வெல் ராட் அர்ன்'. நேர்த்தியாக வனைந்த தாழி என்று சொல்லலாம். ஜான் டன்னின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு இதைப் பெரிய விடுதலையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், விடுதலையாகவும்தான் இருந்தது. ஆனால் சாரத்தைப் பிழிந்தெடுக்காதே என்று சொன்னவருக்கும் கவிதையைக் குறிக்கக் கிடைத்த பொருள் ஒரு கலம், அதுவும் அஸ்தி வைக்கிற கலம். ஆதிச்சநல்லூர்க்காரர்களுக்குத் தாழி என்றால் என்னவென்று தெரியும். உயிர் போனபிறகு மிச்சத்தை அதில் வைத்தார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். தாம் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்கவேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். போன நவம்பரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எண்பது வயதுக்கு மேலிருக்கும், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"தம்பி, நான் உசிரோட இருக்கேன்னு ஒரு கடுதாசி எழுதி அனுப்பினா ஆகாதா?"

"ஆகாது சார். நீங்களே வரணும், இல்ல இந்த மெஷின்ல விரல் வைக்கணும்."

விரல் வைத்தார். ரேகை தேய்ந்திருந்தது, இயந்திரம் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நாலாவது தடவை இடதுகைப் பெருவிரலை ஏற்றுக்கொண்டது. "உயிர் இருக்குங்கறதுக்கு மெய்தான் சாட்சி சொல்லணும்ங்கறீங்க. சரிதான். இன்னும் ஒரு வருஷம் நான் உயிர்மெய்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைக் காட்டியும் இந்தச் சான்றைக் கொடுக்கலாம். அப்போதும் முகம் வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்ற வாக்கியத்துக்கு ஆபீஸில் மதிப்பில்லை. யாரும் எழுதலாம், செத்தவன் பெயரிலும் எழுதலாம். நான் வேதனைப்படுகிறேன் என்று எழுதும் கவிதையின் கதியும் இதுதான். அந்த வாக்கியம் பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்வதற்கென்று ஓர் உடம்பு வந்து நிற்காதவரை வாசகன் அதை வரவு வைக்கமுடியாது.

ஆசிரியர் வேடிக்கையாகச் சொன்ன உயிர்மெய்யை விமர்சகன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று தோன்றுகிறது. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும். தனியே ஒலிப்பது கடினம். அகரம் சேர்ந்தால் புள்ளி போய் உரு அப்படியே நிற்கிறது, மற்ற உயிர்கள் சேர்ந்தால் உரு திரிகிறது என்று தொல்காப்பியம் நூன்மரபில் சொல்கிறது. கி என்ற எழுத்தில் கொக்கி மட்டும் உயிர், மற்றது மெய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். க என்ற எழுத்தில் அதையும் காட்டமுடியாது. உயிர் வந்ததற்கு அடையாளமாக ஒன்றும் கூடவில்லை. ஒரு புள்ளி குறைந்திருக்கிறது, அவ்வளவே. 'கசடதபற' என்று பெயர் வைத்தவர்கள் வல்லின மெய்களை நினைத்து வைத்தார்கள், ஆனால் புள்ளி வைத்து அச்சிட்டிருந்தால் கடையில் கேட்டு வாங்க முடிந்திருக்காது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதே இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்று படிப்பவன்தான் வாய்விட்டுப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். உயிரூட்டும் பொறுப்பில் வாசகனுக்கும் பங்கிருந்தது.

இன்னும் ஒன்று. தமிழில் அளபெடையை நீக்கிவிட்டால், சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியே வராது. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் நேரே சேராது. நடுவில் ஒரு மெய் வரவேண்டும். மணியும் அழகும் சேர்ந்தால் மணியழகு, பூவும் அழகும் சேர்ந்தால் பூவழகு. இந்த யகர வகரங்களுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் உடம்படுமெய். உடம்படுதல் என்றால் இசைதல். இரண்டு உயிர்கள் இசைவதற்கு இடையில் ஒரு மெய் வேண்டியிருக்கிறது. அந்த மெய் முதல் சொல்லிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் படுகிறது.

கவிதையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதியவன் ஓர் உயிர், படிப்பவன் ஓர் உயிர். இருவரும் நேரே சேர வழியில்லை. கவிதை அந்த இடத்தில் தோன்றும் உடம்படுமெய். அதைப் பாத்திரம் என்று எண்ணி உள்ளே கைவிட்டுத் துழாவுகிறவன் சந்திப்பு நடக்கிற இடத்தைத் தவறவிடுகிறான்.

பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. இன்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாகிவிட்டது. ஆனால் சொல்லைக் கவனியுங்கள்: மெய்யில் படுவது. உள்ளத்தில் நடப்பது மயிர்ச்சிலிர்ப்பாகவும் கண்ணீராகவும் உடம்பில் தோன்றிப் பிறர் கண்ணுக்குத் தெரிவது. மெய்ப்பாடு இல்லாத அழுகையைப் பற்றி அந்த இயலில் இடமில்லை. இங்கும் வினை படுதான்.

ஆட்சேபம் ஒன்று வரும், எனக்கே வந்தது. எழுதுவதற்குமுன் கவிஞனிடம் ஏதோ ஒன்று இருக்கத்தானே செய்கிறது? அப்பா செத்தது கவிதைக்கு முன்னால்தானே? வாஸ்தவம். சுவாமிமலையில் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பவர்களைப் பார்த்தால் இது தெளியும். முதலில் மெழுகில் விக்கிரகம் செய்கிறார்கள், விரலும் நகமும் உட்பட. அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் போகிறது. ஆறியபின் மண்ணை உடைத்துவிடுகிறார்கள், அதே அச்சில் இன்னொன்று வார்க்கமுடியாது. மெழுகு இல்லாமல் விக்கிரகம் இல்லை. ஆனால் கோயிலில் நிற்பது மெழுகு அல்ல, மெழுகு எடுத்த உருவும் அல்ல. மெழுகு வெளியேறாவிட்டால் உலோகத்துக்கு இடமே இருந்திருக்காது. அனுபவம் முன்னால் இருக்கிறது. கவிதையில் அது அப்படியே தங்கியிருந்தால் வார்ப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று நானும் பாடத் தொடங்கிவிட்டதாகச் சொல்லக்கூடும். அந்தப் பாட்டு எனக்கு வேண்டாம். எழுத்துப் புணர்ச்சிக்கு விதி சொன்னவருக்குப் புதுக்கவிதையைப் பற்றிக் கவலையில்லை. உடம்புக்கும் உண்மைக்கும் தமிழில் மெய் என்ற ஒரே ஒலி இருப்பதைக் காட்டி ஒரு தத்துவம் கட்டிவிடலாம், மேடையில் கைதட்டலும் கிடைக்கும். சிலேடை நிரூபணமாகாது. குறளில் மெய்யுணர்தல் 36ஆவது அதிகாரம். அதற்கு முன்னால் நிலையாமை, துறவு. அங்கே மெய் கிடைப்பது உடம்பின் பிடிப்பை விட்ட பிறகு. நான் பழைய சொற்களை எடுத்துப் பார்ப்பது அவற்றின் பெருமைக்காக இல்லை. உருவெடுத்தல், உள்ளடக்கம் என்ற இரண்டு சொற்கள் என்னைக்கொண்டு ஒரு தப்பான வாக்கியத்தை எழுதவைத்தன. வேறு சொற்கள் இருந்தால் வேறு வாக்கியம் எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

அந்தக் கவிதையை மறுபடி எடுத்துப் படித்தேன். முழுக்க ஒரு சலவைக் கணக்கு. சென்ற வாரம் போட்டது 11 உருப்படி, இந்த வாரம் 7. சலவைக்காரர் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறார். தன் கையில் ஏதும் தவறிவிட்டதோ என்று பயந்து, நாலு குறைகிறதே என்று கேட்கிறார். வீட்டு அம்மாள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். கவிதை முடிந்துவிடுகிறது.

வேதனை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அப்பா என்ற சொல்லும் இல்லை. தந்தையை இழந்த வேதனை என்பது நான் கொண்டுபோய் வைத்தது. அது உலகத்தில் எந்தத் தகப்பன் செத்தாலும் எந்த மகனுக்கும் பொருந்தும். இந்தக் கவிதையில் இருப்பது இரண்டு வேட்டியும் இரண்டு சட்டையும் குறைந்த ஒரு கணக்கு. எண்ணுவது சலவைக்காரரின் தொழில், சரியாக இருக்கிறது என்பது அந்த அம்மாளின் பதில். குறைந்தும் சரியாக இருக்கிற அந்தக் கணக்கில்தான் கவிதை இருக்கிறது. 7 என்ற எண்ணை எடுத்துவிட்டு, அவர் போய்விட்டார் என்று எழுதினால் ஒன்றும் மிஞ்சாது. முதல்முறை படித்தபோதும் இதே இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அடைத்ததை நம்பாமல், அதற்குக் காரணமாக ஒரு பெரிய சொல்லைத் தேடிப்போனேன். கண்ணெதிரே இருந்த உருப்படிகளை எண்ணியிருந்தால் போதும்.

இன்று எழுதினால் அந்த மதிப்புரையில் அந்த வாக்கியம் இருக்காது. அதன் இடத்தில், 'இக்கவிதையில் ஒரு சலவைக் கணக்கு சரியாக இருக்கிறது' என்று எழுதுவேன். நண்பரே, "அப்புறம் கவிதை எதுக்கு?" என்று கேட்டீர்கள். அந்த நாலு உருப்படிகள் வேறெங்கும் குறைந்திருக்கமாட்டா. அதற்குத்தான்.